மழைக்கு முன்பே ஆள் சேருங்கள்: கடலூரில் வெள்ளகாலத் தன்னார்வலர் குழு அமைக்க முழுமையான வழிகாட்டி

வெள்ளம் வந்த அன்று காலையில் ஆள் கேட்டால் கடலூரில் ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. நூறு பேர் வந்து நிற்பார்கள். யார் சமைப்பது, யார் வண்டி ஓட்டுவது, யார் எந்தத் தெருவுக்குப் போவது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து வீட்டுக்குள் சேறு நிற்கும்போது, அந்த நூறு பேரில் பத்துப் பேர்கூட மிஞ்ச மாட்டார்கள்.

இந்த இரண்டு சிக்கலுக்கும் காரணம் ஒன்றுதான். ஊரைக் கூப்பிடுகிறோமே தவிர, வேலைக்கு ஆள் கேட்பதில்லை. புதிதாகக் குழு தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வாட்ஸ்ஆப் குழுவைத் திறக்கிறார்கள், அப்புறம்தான் என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிர்: வேலை, இடம், அதிகாரிகளிடம் தகவல், அதற்குப் பிறகே ஆள்.

கடலூர் சுற்றுவட்டாரத்தை மனதில் வைத்து எழுதியது. பாகூர், சோரியாங்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அது புதுச்சேரி நிர்வாகம் என்பதால் போக வேண்டிய அலுவலகங்கள் வேறு.

1. எப்போது தொடங்குவது, கையில் என்ன இருக்க வேண்டும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். 2015 வெள்ளம் நவம்பரில் வந்தது, தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு. ஆக, ஐப்பசி பிறப்பதற்குள் குழு தயாராக இருக்க வேண்டும். ஆடியில் தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம். புரட்டாசியில் தொடங்கினால் ஒத்திகைக்கு நேரம் கிடைக்காது.

ஆள் கேட்கத் தொடங்கும் முன் நான்கு விஷயம் வேண்டும். பொறுப்பேற்க இரண்டு பேர். அதில் ஒருவருடைய வீடாவது தண்ணீர் ஏறாத இடத்தில் இருக்க வேண்டும். குழுவுக்கென்று தனியாக ஒரு போன் எண். சொந்த எண்ணைக் கொடுத்தால் மழை நாளில் வீட்டு அழைப்பும் நிவாரண அழைப்பும் ஒன்றாகக் குழம்பும். மேட்டில் ஒரு கூடம். கல்யாண மண்டபம், பள்ளிவாசல் கூடம், தேவாலய வளாகம், எதுவானாலும் சரி, சாவி யாரிடம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கடைசியாக ஒரு நோட்டு. காகித நோட்டுதான். மின்சாரம் போய் போன் அணைந்த பிறகும் பெயர்ப்பட்டியலைப் படிக்க முடிய வேண்டும்.

2. வேலையை எழுதுங்கள்

ஒரு பக்கத்தில் உங்கள் குழு செய்யப்போவதை எழுதுங்கள். மறுபக்கத்தில் செய்யாததை எழுதுங்கள். இரண்டாவது பக்கம்தான் உயிரைக் காக்கும்.

செய்யாததில் முதல் வரி: ஓடும் தண்ணீரில் இறங்கி மீட்பது. அது தீயணைப்புத் துறையும் பேரிடர் மீட்புப் படையும் படகு வைத்திருக்கும் மீனவர்களும் செய்யும் வேலை. நீச்சல் தெரிந்த கல்லூரிப் பையன்களுக்கு இதில் ஆர்வம் அதிகம் இருக்கும். முதல் நாளே தெளிவாக மறுத்துவிடுங்கள்.

செய்யக்கூடியதை, ஒருவர் கையில் கொடுக்கிற அளவுக்கு உடைத்து எழுத வேண்டும். 'உணவு வழங்குதல்' என்பது ஒரு வேலை இல்லை. காய் நறுக்க மூன்று பேர், அடுப்படியில் பெரிய அண்டாவைக் கையாளத் தெரிந்தவர் ஒருவர், அவருக்குத் துணை ஒருவர், பொட்டலம் கட்ட எட்டுப் பேர், எண்ணி ஏற்ற ஒருவர், வண்டி ஓட்ட ஒருவர், இறங்கிக் கொடுக்க இரண்டு பேர் என்று எழுதினால்தான் எத்தனை பேர் தேவை என்பது தெரியும். சமையலுக்கு என் கணக்கு: கலவை சாதம் என்றால் ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். முந்நூறு பொட்டலத்துக்கு முப்பத்தைந்து கிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று குறிப்பு: எத்தனை மணி நேரம், தண்ணீரில் கால் வைக்க வேண்டுமா, உட்கார்ந்து செய்யலாமா. இதனால்தான் அறுபது வயது அம்மாவுக்கும் முட்டிவலி உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் குழுவில் இடம் கிடைக்கும். போன் எடுத்துக் கேட்டு எழுதும் வேலைக்கு அப்படிப்பட்ட ஆசிரியரைவிடச் சரியான ஆள் கிடையாது. எழுத்து தெளிவு, பொறுமை இரண்டும் இருக்கும்.

சிறு குழுவென்றால் இரண்டு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாடு, தார்ப்பாய், மருந்து, துணி, மீட்பு எல்லாம் செய்கிறோம் என்று போஸ்டர் அடிக்கிற குழு எதையும் முழுதாகச் செய்து நான் பார்த்ததில்லை.

3. எல்லையைக் கிழித்து, நடந்து பாருங்கள்

மாவட்டம் முழுவதும் உங்களால் முடியாது. கடலூரை வடிகால் மாவட்டம் என்பார்கள். எங்கெங்கோ பெய்யும் மழை இங்கே வந்துதான் கடலில் சேர்கிறது. தண்ணீர் வரும் வழியைப் பொறுத்து ஆள் தேவையும் மாறும்.

தென்பெண்ணைக் கரையில் குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா போன்ற ஊர்களில் உள்ளூர் மழை நின்ற பிறகும் ஆபத்து தீராது. 2024-இல் புயல் கரையைக் கடந்த பிறகு, டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் இந்த ஊர்களுக்குள் புகுந்தது. இங்கே வேலை செய்யும் குழு வானத்தைவிட அணைச் செய்தியைக் கவனிக்க வேண்டும்.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் கதை வேறு. 2015-இல் விசூர், பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் திடீரென்று வந்து அடித்துக்கொண்டு போனது. அப்படி வரும் வெள்ளத்தில் வெளியூர்க் குழு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த ஊரிலேயே நான்கு பேர் இருப்பதுதான் பயன். கொள்ளிடக் கரைத் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடியில் மேட்டூர் நிரம்பினால் ஆகஸ்டிலேயே தண்ணீர் சூழும். அங்கே ஐப்பசி வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டு மூன்று குக்கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, வெயில் காயும் நாளில் நடந்து பாருங்கள். வண்டி எதுவரை போகும், எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள், கர்ப்பிணிகள் யார், மாடு எத்தனை என்பதையெல்லாம் எழுதுங்கள். மாட்டைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? முகாமுக்கு வாருங்கள் என்றால் பலர் வராததற்கு மாடும் ஆடும்தான் காரணம்.

இன்னொன்று, சிலருக்குச் சங்கடமான விஷயம். வண்டி ஊர்த் தெருவில் நிற்கும், காலனிக்குப் போய்ச் சேருவதற்குள் பொட்டலம் தீர்ந்துவிடும். ஏரிக்கரை ஓரம் நான்கைந்து வீடாக இருக்கும் இருளர் குடும்பங்கள் பட்டியலிலேயே இருக்காது, பலரிடம் ரேஷன் அட்டையும் இருக்காது. நடந்து பார்க்கும் நாளில் கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள். கொடுக்கும் நாளிலும் அதே வரிசை.

4. அலுவலகங்களில் சொல்லி வையுங்கள்

கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), ஊராட்சி அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம் ஆகிய மூன்று இடத்திலும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். குழுவின் பெயர், பொறுப்பாளர் எண், எந்த ஊர், என்ன வேலை. அவ்வளவு போதும். அனுமதி என்பதைவிட அறிமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலையை அடைத்த பிறகு போலீஸ் உங்கள் வண்டியை நிறுத்தினால், வி.ஏ.ஓ.வின் ஒரு போன் காரியத்தை முடிக்கும்.

வெள்ள ஆபத்துள்ள ஊர்களில் முதல்நிலை மீட்பாளர்கள் என்று உள்ளூர் ஆட்களை வருவாய்த் துறை பட்டியலிட்டு வைத்திருக்கும். அவர்கள் யார் என்று கேட்டு வாங்குங்கள். அவர்களில் சிலர் ஆப்த மித்ரா என்ற, அரசின் பேரிடர்த் தன்னார்வலர் பயிற்சி பெற்றிருக்கலாம். அப்படி ஒருவர் கிடைத்தால் உங்கள் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகளுக்கு 1098.

5. ஆள் எங்கே இருக்கிறார்கள்

எல்லோரும் முதலில் ஓடுவது கல்லூரிக்கு. போகலாம், தப்பில்லை. பெரியார் அரசு கலைக் கல்லூரி, கந்தசாமி நாயுடு மகளிர் கல்லூரி, செயின்ட் ஜோசப் என்று பக்கத்திலேயே இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும், அதனால் திட்ட அலுவலரிடம் பேசினால் பெயர்கள் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு நவம்பரில் வரும். மழையும் நவம்பரில் வரும். விடுதி மாணவர்கள் விடுமுறை விட்டதும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே மாணவர்களை வைத்து ஆவணி, புரட்டாசியில் கணக்கெடுப்பு, வீடு வீடாகப் பட்டியல் எடுக்கும் வேலையை முடியுங்கள். மழை நாள் வேலைக்கு உள்ளூரில் தங்கியிருக்கும் ஆட்கள் வேண்டும்.

அவர்கள் ஏற்கெனவே வேலை செய்து பழகிய இடங்களில் இருக்கிறார்கள். வடலூரில் தைப்பூசத்துக்கு அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள், கோயில் திருவிழாவில் கூழ் ஊற்றுகிறவர்கள், ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள். ஐந்நூறு பேருக்குச் சமைப்பது இவர்களுக்குப் புதிதில்லை. பாத்திரமும் இவர்களிடமே இருக்கும். நீங்கள் சொல்லித்தர எதுவும் இல்லை, கேட்டுக்கொண்டால் போதும்.

மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது வி.ஏ.ஓ.வைவிட நன்றாகத் தெரியும். முகாமில் பெண்களுக்கு நாப்கின் வேண்டுமா, கைக்குழந்தைக்குப் பால் வேண்டுமா என்று கேட்கவும் பெண்கள்தான் வேண்டும். ஆண்கள் மட்டும் உள்ள குழு போனால் அந்தக் கேள்விக்குப் பதிலே வராது.

ஆட்டோ ஸ்டாண்டு, குட்டியானை ஓட்டுநர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள் அடுத்து. முழங்கால் தண்ணீரில் குட்டியானை நின்றுவிடும், டிராக்டர் போகும். ஒரு டிராக்டர்க்காரரின் சம்மதம் பத்து பைக் பையன்களுக்குச் சமம்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற மீனவ ஊர்களில் படகு கேட்கப் போனால், இளைஞர்களைத் தனித்தனியாகப் பிடிக்காதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுங்கள். டீசல் யார் பொறுப்பு, இன்ஜின் பழுதானால் யார் கொடுப்பது என்பதை முன்பே பேசிவிடுங்கள். 'அவர்கள் நல்ல மனசுக்காரர்கள், சும்மா வருவார்கள்' என்று நினைப்பது நியாயமில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளிலிருந்து அவர்களுக்குத் தொழில் இல்லை.

ரசிகர் மன்றம், கட்சி இளைஞரணி எல்லாம் வரலாமா என்று கேட்பார்கள். ஆட்கள் வரலாம். கொடி, துண்டு, ஸ்டிக்கர் வரக்கூடாது. பொட்டலத்தின் மேல் யாருடைய படம் என்ற சண்டை ஆரம்பித்தால் பொட்டலம் ஆறிப்போகும்.

6. கேட்கும் விதம்

பொதுவாகப் போகும் செய்தி இப்படி இருக்கும்: 'கடலூர் மக்களுக்கு உதவ விருப்பமுள்ள நல்ல உள்ளங்கள் இந்தக் குழுவில் இணையவும். அதிகம் பகிரவும்.' இருநூறு பேர் சேருவார்கள். கையெடுத்துக் கும்பிடும் பொம்மை இருநூறு வரும். வேலை நாளில் ஒருவரும் வர மாட்டார்கள். ஏனென்றால் அதில் ஒருவரும் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

'ஐப்பசி, கார்த்திகையில் கனமழை எச்சரிக்கை வரும் நாட்களில் மட்டும், காலை 5 முதல் 9 மணி வரை சாப்பாட்டுப் பொட்டலம் கட்ட 8 பேர் தேவை. இடம்: திருப்பாதிரிப்புலியூர். உட்கார்ந்தே செய்யலாம், தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை உண்டு. வர முடியும் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்யுங்கள்.'

நேரம், இடம், எண்ணிக்கை, உடலுக்கு என்ன வேலை, கெடு என ஐந்தும் இருக்கின்றன. படிக்கிறவர் தன் வீட்டுக் கணக்கோடு பொருத்திப் பார்த்து முடியும், முடியாது என்று சொல்லலாம். பதினைந்து பேர்தான் போன் செய்வார்கள். அந்தப் பதினைந்து பேர் வருவார்கள்.

செய்தியைவிட நேரில் கேட்பது மேல். ஓட்டுநரிடம் போய், 'அண்ணே, மழை நாள்ல உங்க வண்டி எங்களுக்கு ரெண்டு நடை வருமா? டீசல் எங்க பொறுப்பு. தண்ணி ஏறின ரோட்டுல போகச் சொல்ல மாட்டோம்' என்று கேளுங்கள். சுய உதவிக் குழுத் தலைவியிடம், 'அக்கா, உங்க குழுவுல நாலு பேர் பொட்டலம் கட்ட வருவாங்களா? விடியறதுக்கு முன்ன வண்டி வெச்சுக் கூட்டிட்டு வந்து, திரும்பவும் விட்டுடறோம்' என்று கேளுங்கள். கேட்டதும் அவர்கள் யோசிக்கும் முதல் கவலைக்கு நீங்களே பதில் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநருக்கு அது வண்டி, அக்காவுக்கு அது போக்குவரத்து.

இல்லை என்று சொல்ல இடம் விடுங்கள். கூச்சத்துக்காகச் சரி என்று சொன்னவர் அன்று காலை போனை எடுக்க மாட்டார். 'இப்ப முடியாதுன்னாலும் பரவால்ல, பொங்கலுக்கு அப்புறம் சேறு அள்ற வேலை, பள்ளிக்கூடம் சுத்தம் பண்ற வேலை இருந்தா கேக்கறோம்' என்றால் உறவு அறுந்துபோகாது.

7. பெயர் பதிவு

நோட்டில் ஒருவருக்கு அரைப் பக்கம். பெயர், வயது, எண் எல்லோரும் கேட்பது. கேட்க மறப்பவை வேறு.

உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா? இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கடலூரில் தன்னார்வலராகப் பெயர் கொடுப்பவர்களில் பலர் தாங்களே பாதிக்கப்படும் பகுதியில் இருப்பவர்கள். தன் அம்மாவை மாடியில் ஏற்றிவிட்டு வந்து பொட்டலம் கட்டு என்று ஒருவரிடம் கேட்க முடியாது. அவர்களை மழைக்கு முந்தைய வேலைக்கும், தங்கள் தெருவிலிருந்து தகவல் சொல்லும் வேலைக்கும் வையுங்கள்.

சர்க்கரை, வலிப்பு, இதய நோய் உண்டா? தினமும் சாப்பிடும் மாத்திரை என்ன? அவசரமென்றால் வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும்? வீட்டில் சொல்லியாகிவிட்டதா? பதினெட்டு வயது நிரம்பாதவர்களை மழை நாள் வேலைக்கு எடுக்க வேண்டாம். பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் வேண்டாம்.

இந்த விவரங்களைக் குழுவில் போடக் கூடாது. நோட்டு பொறுப்பாளர் இருவரிடம் மட்டும். பெண்களின் எண்கள் பொதுக் குழுவிலிருந்து வெளியே போய்த் தொந்தரவு வந்தால் அடுத்த ஆண்டு ஒரு பெண்ணும் பெயர் கொடுக்க மாட்டார்.

8. இரண்டு வாரத்துக்குள் ஒரு சிறு வேலை

பெயர் வாங்கிவிட்டு ஐப்பசி வரை சும்மா இருந்தால் பாதிப் பேருக்கு மறந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். ஒரு கோயில் அன்னதானத்தில் நூறு பொட்டலம் கட்டிப் பாருங்கள். ஒரு தெருவின் வடிகாலில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக்கை எடுங்கள். இரண்டும் ஒத்திகைதான், ஆனால் ஒத்திகை என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று நீங்கள் கவனிக்க வேண்டியது வேலையை அல்ல, ஆட்களை. யார் நேரத்துக்கு வந்தார், யார் சொல்லாமலே பெருக்கினார், யார் எல்லோருக்கும் கட்டளை போட்டார். இதிலிருந்துதான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மேஸ்திரியைப் பிடிக்க வேண்டும். சத்தமாகப் பேசுகிறவரைப் பொறுப்பாளராக்குவது வழக்கமான தப்பு. அமைதியாக எண்ணி எண்ணி அடுக்கிய அந்த இன்னொருவரைப் பாருங்கள்.

சமையல் விஷயத்தையும் அன்றே பழக்கிவிடலாம். சோறு சூடாக இருக்கும்போது கட்டினால் உள்ளே வேர்த்து, மதியத்துக்குள் கெட்டுவிடும். விரித்து ஆறவிட்டுக் கட்ட வேண்டும். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் தாங்கும். சாம்பார் சாதம், தேங்காய்ச் சட்னி வேண்டாம். கட்டிய நேரத்தை மூட்டையின் மேல் எழுதுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேராதது கொடுக்கத் தகுந்தது இல்லை.

9. பாதுகாப்பு விதிகள்

இவற்றில் பேரம் கிடையாது. ஒத்திகை நாளில் ஒருமுறை, மழை நாள் காலையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தனியாக யாரும் போகக் கூடாது, எப்போதும் இருவர். ஓடும் தண்ணீரில் இறங்கக் கூடாது, அரை அடி ஆழம்கூட வேகமாக ஓடினால் ஆளைத் தள்ளிவிடும். நிற்கும் தண்ணீரில் முழங்கால் வரைதான், கையில் கம்பு இருக்க வேண்டும். மூடி இல்லாத சாக்கடைக் குழியைக் கம்புதான் காட்டும். அறுந்த கம்பி கிடந்தால் அந்தத் தெருவே வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். செருப்போடு தண்ணீரில் நடக்க முடியாது, கால் மூடிய ஷூ வேண்டும்.

காலில் புண் உள்ளவரை அன்று பொட்டலம் கட்டும் வேலைக்கு மாற்றுங்கள். எலிக்காய்ச்சல் புண் வழியாகத்தான் எளிதில் ஏறும். வெள்ளநீரில் நடந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், 'வெள்ளத் தண்ணீரில் நடந்தேன்' என்று மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பிவிடுவார்கள். சேறு அள்ளப் போகிறவர்கள் டெட்டனஸ் ஊசியை மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை.

10. பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். தனிநபர் கூகுள்பே எண்ணில் நன்கொடை வாங்காதீர்கள். பதிவுபெற்ற சங்கமோ அறக்கட்டளையோ உங்களிடம் இல்லை என்றால் பணமே வாங்க வேண்டாம், பொருளாகக் கேளுங்கள்: அரிசி மூட்டையை மளிகைக்கடைக்காரர் நேராக மண்டபத்துக்கு அனுப்பட்டும், டீசலைப் பங்க்கில் அவர்களே கட்டட்டும்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. புதுச்சேரி, கடலூர்க் குடும்பங்களில் பிரான்ஸ் குடியுரிமை பெற்ற உறவினர்கள் ஏராளம். செய்தி பார்த்ததும் பணம் அனுப்புகிறோம் என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புவது வேறு, வெளிநாட்டுக் குடிமகன் அனுப்புவது வேறு. இரண்டாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அதற்குப் பதிவு இல்லாத அமைப்பு வாங்கக் கூடாது. அன்போடு மறுத்து, பதிவு உள்ள அமைப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

11. மழை நாள்

எப்போது கூப்பிடுவது என்பதை முன்பே முடிவு செய்து சொல்லியிருக்க வேண்டும். வானிலை மையம் கடலூருக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் 'தயாராக இருங்கள்' என்று போன். சிவப்பு என்றால் முன்னிரவே அரிசி, காய், சிலிண்டர் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும். 2024-இல் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப் பெய்யும்போது காலையில் கடை திறக்காது, சாலையும் இருக்காது.

ஆட்களை இரண்டு முறையாகப் பிரியுங்கள். முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டால் இரண்டாம் நாள் எல்லோரும் ஒன்றாகக் களைத்துப் படுப்பார்கள். பாதிப் பேரிடம், 'நீங்க மூணாம் நாளுக்கு, இன்னைக்கு வீட்டுல இருங்க' என்று சொல்வது கஷ்டம்தான். துடிப்பாக இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்லுங்கள். சேறு அள்ள, பிளீச்சிங் பவுடர் போட, பீரோவையும் கட்டிலையும் தூக்கி வெளியே வைக்கத் தெம்புள்ள ஆள் அன்றுதான் வேண்டும்.

பெயர் கொடுக்காமல் நேராக வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாசலில் ஒருவரை உட்காரவைத்துப் பெயர் எழுதி, பொட்டலம் கட்டும் இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். களத்துக்கு அனுப்ப வேண்டாம். ஒத்திகை பார்க்காதவர் தண்ணீரில் என்ன செய்வார் என்று தெரியாது.

களத்துக்குப் போனவர்கள் திரும்பியதும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருட்டும் முன் எல்லாக் கையெழுத்தும் விழுந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பொறுப்பாளர் சாப்பிட உட்காரலாம். பொட்டலம் வாங்கும் முகங்களைப் படம் எடுக்க வேண்டாம். கணக்குக்குப் படம் தேவையென்றால் வண்டியில் அடுக்கிய மூட்டையை எடுங்கள்.

12. தண்ணீர் வடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் எல்லோரையும் டீக்குக் கூப்பிடுங்கள். யாருக்காவது காய்ச்சலா, காலில் புண்ணா என்பதை முதலில் கேளுங்கள். அப்புறம் எது சொதப்பியது என்று கேளுங்கள். பொறுப்பாளர் வாய் திறக்காமல் எழுதிக்கொள்ள மட்டும் செய்தால் உண்மை வெளியே வரும்.

மாணவர்களுக்கு மணிக்கணக்குப் போட்ட சான்றிதழ் உடனே கொடுங்கள், தேர்வு முடிந்து கலைந்துவிட்டால் தேட வேண்டியிருக்கும். ஓட்டுநருக்கு டீசல் பாக்கி இருந்தால் அன்றே தீர்த்துவிடுங்கள். மேடை, பொன்னாடை, கேடயம் வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு கம்பூட் வாங்கலாம்.

அடுத்த ஆண்டுக்கு வர விருப்பமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, வேண்டாம் என்றவர்களின் பெயரை அடித்துவிடுங்கள். தார்ப்பாய்களை நன்றாகக் காயவைத்து மடியுங்கள், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துப் பொடிந்துவிடும். அண்டா, கரண்டி, கம்பு எதெது யார் வீட்டில் இருக்கிறது என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நோட்டை மேட்டில் இருக்கும் பொறுப்பாளர் வீட்டில் வையுங்கள்.